மூன்றாம் தண்ணீர்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், நமக்குள் என்ன மரியாதை. ஒரு கதை பாக்கி வைத்திருந்தேன், அதை இன்றைக்குத் தந்துவிடுகிறேன். வயிற்றைப் பற்றிய கதை. மூக்கைச் சுளிக்காமல் கேட்க வேண்டும். எதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறோமோ அதுதான் நம்மை முதலில் கவிழ்க்கும். நடுவில் கொஞ்சம் சிரிப்பு உண்டு. ஆனால் சிரித்து முடிகிற கதை இல்லை; அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு தையல் கடை. இரண்டு மெஷின், நீளமாக ஒரு வெட்டு மேசை, பின்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி. புருஷன் வெட்டுவார், பெண்டாட்டி தைப்பாள். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அதனால் அவள் மாஸ்டரம்மா. பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாமல் வம்பு வளர்க்க, இரண்டு தெரு தள்ளி மாஸ்டரின் தங்கை இருந்தாள்.

புதுத் துணியை நனைக்காமல் வெட்டக் கூடாது. தைத்துக் கொடுத்த பிறகு சுருங்கும், சாயம் இறங்கும். நனைக்கிற வேலை மாஸ்டரம்மாவுடையது. முதல் தண்ணீரில் சாயம் கொட்டும், இரண்டாவதில் கலங்கும், மூன்றாவதில் லேசாக ஒரு நிழல் மட்டும் நிற்கும். அந்த நிழல் எத்தனை அலசினாலும் போகாது. மேலே அலசினால் துணிக்குத்தான் கேடு. அவள் தண்ணீரைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பாள். மாஸ்டர் மேசையிலிருந்தே, "போதுமா?" என்பார். அவள் "போதும்" என்றால்தான் கத்திரியை எடுப்பார். அந்த ஒரு சொல்லில் அவள் தவறியதே இல்லை.

ஒரு நாள் பழுதுபார்க்க வந்த துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தவள், ஒரு பழுப்புப் பேண்டை உள்ளே திருப்பினாள். பின் இடுப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தையல் வரி. பிரித்துப் பிரித்து, உள்ளே உள்ளே பிடித்திருந்தது. வரி முடிகிற இடத்தில் இருந்த முடிச்சு அவளுக்குத் தெரிந்த முடிச்சு.

"இது உங்களோடதுல்ல?"

"ஆமா."

"எதுக்கு இத்தனை தடவை பிடிச்சிருக்கீங்க?"

"இடுப்பு இளைச்சுப் போச்சு. அவுந்து விழுந்தா நீதானே சிரிப்பே."

அவள் மெஷினை நிறுத்தினாள். கொக்கி போட்டு இழுப்பதுபோல் அவர் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பசி இல்லை. ஒரு நாள் கட்டிக்கொள்கிறது, மறுநாள் பேதியாகிறது. மலத்தோடு ரத்தம் வருகிறது, வந்து பல மாதம் ஆகிறது.

"மூலம்தான்" என்றார் மாஸ்டர். "உக்காந்தே வேலை செய்றவனுக்கு வர்றதுதான்னு பக்கத்துக் கடை கடிகாரக்காரர் சொன்னாரு. களிம்புகூடக் குடுத்தாரு."

"நீங்க எங்க உக்காந்தீங்க? கல்யாணமான நாள்லேர்ந்து நின்னுக்கிட்டுதானே வெட்டுறீங்க. உக்காந்தவ நான். மூலம் வந்தா எனக்கில்ல வரணும்? அவர் கடிகாரத்துக்கு வைத்தியம் பாக்கட்டும். நீங்க எந்திரிங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், விரல் விட்டுப் பார்த்தார். ரத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பின்வழியாக வளைகிற ஒரு குழாய், அதன் நுனியில் கேமரா. "தூங்க மருந்து குடுப்போம், வலி தெரியாது. கஷ்டமெல்லாம் முதல் நாள்தான். குடலைக் கழுவணுமே."

கழுவுவதைப் பற்றி நர்ஸ் சொன்னாள். குரலில் தேனும் இல்லை, விஷமும் இல்லை. "பொடியைத் தண்ணியில கரைச்சு முதல் நாள் சாயங்காலம் ஒரு ஜாடி, விடியக்காலை ஒரு ஜாடி. கெட்டியா எதுவும் சாப்பிடக் கூடாது. கடைசியில வெளிய போறது தெளிவா, லேசான மஞ்சளா, அடியில என்ன இருக்குன்னு தெரியற மாதிரி வரணும். பழுப்பு இருந்தா இன்னும் குடிக்கணும். வாந்தி வந்தா கொஞ்சம் நிறுத்திட்டுத் திரும்பக் குடிங்க, அப்பவும் நிக்கலைன்னா எங்களுக்குப் போன் பண்ணுங்க. குடல் சுத்தமா இல்லைன்னா கேமராவுக்குக் கண் தெரியாது."

முதல் ஜாடி எப்படியோ போயிற்று. "கடல்ல விழுந்தவனுக்குக்கூட இவ்வளவு உப்பு உள்ள போகாது" என்றார் மாஸ்டர். பிறகு அவருக்கும் கக்கூஸ் கதவுக்கும்தான் பேச்சு. "வெட்டு மேசையை இங்கயே தூக்கிப் போட்டுரு. வேலையாவது நடக்கும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பார்க்க வந்த தங்கை வாசலிலேயே நின்றுகொண்டாள். "ஏன் அண்ணி, எங்க அண்ணனைப் பட்டினி போட்டே முடிச்சிடலாம்னு இருக்கியா?"

"ஆமா, உங்க அண்ணன் சொத்தையெல்லாம் சுருட்டிக்கிட்டு ஓடப் போறேன். அந்த ரெண்டு கத்திரியை" என்றாள் மாஸ்டரம்மா.

விடியற்காலையில் இரண்டாவது ஜாடி. பாதி போவதற்குள் வயிறு முறுக்கியது. குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தார். குளியலறைத் தரையில், சுவரில் தலையைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. அந்த உடம்பின் எலும்பை அவள் அன்றைக்குத்தான் எண்ணிப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். ஜாடியில் இன்னும் பாதி இருந்தது.

"நீயே பாரு" என்றார். "போதுமா?"

அவள் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். தண்ணீர்தான். பழுப்பாக லேசாக ஒரு நிழல் நின்றது. மூன்றாம் தண்ணீர் என்று அவள் கண் சொல்லிவிட்டது. இதற்கு மேல் அலசினால் துணிக்குத்தான் கேடு.

"போதும்" என்றாள். ஜாடியில் மிச்சம் இருந்ததைக் கவிழ்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ், "முழுசும் குடிச்சாரா?" என்று கேட்டாள். மாஸ்டரம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாள். "குடிச்சாரு" என்றாள்.

உள்ளே போன டாக்டர், அவள் நாற்காலியில் சாய்வதற்குள் வெளியே வந்துவிட்டார். "வழி தெரியலைம்மா. குடல்ல மலம் ஒட்டிக் கிடக்கு. தெரியாம மேல தள்ளினா ஓட்டை விழுந்துடும். திரும்பச் சுத்தம் பண்ணிட்டு வாங்க." திரும்ப இடம் கிடைத்தது சில வாரம் கழித்து. வயிறு உப்பினாலோ, காற்றே பிரியாமல் நின்றாலோ, வாந்தி வந்தாலோ காத்திருக்காமல் ஓடி வரச் சொன்னார்கள். தங்கை மட்டும், "ஒண்ணும் இல்லாததாலதான் ஒண்ணும் தெரியலை" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்டரும் அதைப் பிடித்துக்கொண்டு நன்றாகத் தூங்கினார். மாஸ்டரம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நாளை எண்ணினாள்.

குறித்த நாள் வரவில்லை, கண்ணுகளா. அதற்கு முந்தின வாரமே மாஸ்டரின் வயிறு காற்றடித்த பந்து போல் ஆயிற்று. காற்றுப் பிரியவில்லை. வாந்தி எடுத்தார், வாந்தியில் மலத்தின் நாற்றம். கடைக் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினார்கள்.

குடலின் கீழ்ப்பகுதியைக் கட்டி ஒன்று அடைத்துவிட்டது என்றார் அறுவை டாக்டர். உடனே அறுக்க வேண்டும். கட்டியை எடுத்துவிட்டு, மேல்முனையை வயிற்றுத் தோலில் திறந்துவிடுவார்கள்; இனி மலம் அந்த வழியாக ஒரு பையில் விழும். மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "துணியில பை வச்சுக் குடுத்தவனுக்கு வயித்துலயே பை" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அறுத்து முடித்த சில நாளில் டாக்டரைத் தாழ்வாரத்தில் தனியாக மறித்தாள் மாஸ்டரம்மா.

"நான் ஒண்ணு கேப்பேன். என் மனசுக்காகச் சொல்லாம உள்ளதைச் சொல்லணும். அன்னைக்கே கேமராவுல தெரிஞ்சிருந்தா?"

டாக்டர் உள்ளதைச் சொன்னார். "கட்டி வருஷக்கணக்கா வளர்ந்த புத்துநோய். ஈரல்லயும் ரெண்டு இடத்துல தெரியுது. அது இந்தச் சில வாரத்துல வந்ததில்லை. ஆனா அடைக்கறதுக்கு முன்னாடி அறுத்திருந்தா, குடலை உள்ளேயே சேர்த்துத் தைச்சிருக்கலாம். அனேகமா பை வேண்டியிருந்திருக்காது."

"சரிங்க" என்றாள். சாவு தன் கணக்கில் இல்லை, பை தன் கணக்கில். அதை முந்தானையில் முடிந்துகொண்டதுபோல் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் தன் வயிற்றைப் பார்க்க மறுத்துவிட்டார். பை மாற்றும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நர்ஸ் மாஸ்டரம்மாவுக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். வயிற்றில் திறந்த குடல் உள் உதடு மாதிரிச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். பயப்பட வேண்டாம், தொட்டால் அதற்கு வலி தெரியாது. கறுத்துப்போனால்தான் ஓடி வர வேண்டும். பையைத் தோலில் ஒட்டுகிற வட்டப் பிசின் தகட்டில், அந்தக் குடலின் அளவுக்கு, ஒரு நூல் அளவு மட்டும் தாராளமாக ஓட்டை வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் மலம் பட்டுத் தோல் வெந்துபோகும். சின்னதாக வெட்டினால் குடலை அறுக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் வெட்டினாள். அவளோ தைக்கிறவள். வட்டம் கோணிற்று. ஒழுகிற்று. படுக்கை நனைந்தது. இரண்டு நாளில் சுற்றியுள்ள தோல் நெருப்புப் பட்டதுபோல் சிவந்தது. மூன்றாம் முறை அவள் தகட்டில் கத்திரியை வைத்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். கேட்டதும் தெரிந்துவிட்டது, கத்திரி தப்பாகப் போகிறதென்று.

"குடு இங்க" என்றார். "உன் கைக்கு வட்டம் வராது."

அப்போதுதான் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கண்ணாலேயே அளவெடுத்து ஒரே வீச்சில் வெட்டினார். வட்டம் அச்சில் வார்த்ததுபோல் வந்தது. அவள் ஒட்டினாள். ஒழுகவில்லை.

அவள் அங்கேயே, தரையில் உட்கார்ந்தபடி சொன்னாள். "நான் அன்னைக்குப் போதும்னு சொல்லியிருக்கக் கூடாது. மிச்சத்தை ஊத்திட்டேன். நர்ஸ்கிட்டயும் பொய் சொன்னேன். இந்தப் பை என்னாலதான். டாக்டரே சொல்லிட்டாரு."

மாஸ்டர் கத்திரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஏன் உன்னைக் கேட்டேன் தெரியுமா? நீ போதும்னுதான் சொல்லுவேன்னு தெரியும். அதுக்காகத்தான் கேட்டேன்." கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "நீ அரை ஜாடியை ஊத்தினே. நான் மாசக்கணக்கா கக்கூஸ்ல ரத்தத்தைப் பாத்துப் பாத்துத் தண்ணி ஊத்தி விட்டேனே, அதுக்கு எந்த டாக்டர் கணக்குச் சொல்லுவாரு?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. மன்னித்தார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டு பேருமாகச் சுமந்தார்கள், அவ்வளவுதான்.

காயம் ஆறி உடம்பு கொஞ்சம் தேறியபின் மீதிக் குடலிலும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றார்கள். இந்த முறை கேமரா வயிற்றுத் திறப்பு வழியாகப் போகும். ஆனால் குடிப்பது அதே பொடி, அதே உப்பு. பை நிறைய நிறைய அவள் அவிழ்த்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். பழுப்பு, கலங்கல், நிழல்.

"போதுமா?" என்றார் மாஸ்டர். உதடு வெளுத்திருந்தது.

"போதாது. இன்னொரு டம்ளர்."

"கொலைகாரி."

"ஆமா. குடிங்க."

குடித்தார். அவள் முதுகைத் தடவிக்கொண்டே அடுத்ததை ஊற்றினாள். கிண்ணத்தின் அடியிலிருந்த கீறல் தெளிவாகத் தெரிகிறவரை அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

மீதிக் குடல் சுத்தமாக இருந்தது. டாக்டர் முழுவதும் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஈரலில் இருந்தது அப்படியே இருந்தது. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். குணமாக்குகிற மருந்தில்லை, நாளைத் தள்ளிப்போடுகிற மருந்து. அந்தப் பழுப்புப் பேண்டை மாஸ்டரம்மா எடுத்தாள். அவர் ஒளித்துப் போட்டிருந்த மூன்று வரியையும் பிரித்தாள், பைக்கு இடம் வேண்டுமே. அதைப் போட்டுக்கொண்டு, மேசைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தே அவர் வெட்டினார். "இப்பதான் உக்காந்து வேலை செய்றேன். கடிகாரக்காரர்கிட்ட சொல்லு, இனிமே மூலம் வந்தாலும் வரும்" என்றார். ஒரு மழைக்காலம் வரை வெட்டினார். அடுத்த மழைக்கு அவர் இல்லை.

கடை இன்னும் இருக்கிறது. மாஸ்டரம்மாதான் வெட்டுகிறாள், வட்டம் இன்னும் கோணலாகத்தான் வருகிறது. துணியை நான்கு தண்ணீர், ஐந்து தண்ணீர் அலசுகிறாள். சாயமே வெளுத்துப்போகிறதே என்று வருகிறவர்கள் குறைப்படுகிறார்கள். அவளோ கையில் அள்ளின தண்ணீரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், மேசைப்பக்கமிருந்து யாரோ கேட்கப்போகிறார்கள் என்பதுபோல்.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் உண்டதெல்லாம் செரிக்கட்டும். வலித்ததைச் சொல்ல வாயும், சொன்னதைக் கேட்கக் காதும் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். உங்களைத் திட்டிக்கொண்டே முதுகு தடவுகிற கை ஒன்று, கடைசி டம்ளர் வரைக்கும் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.