எந்த ஓ.டி.?

எங்க கம்பெனியில ஓ.டி.ன்னா ரெண்டு இருக்கு. ஒண்ணு ஓவர்டைம். இன்னொண்ணு ஆன் டூட்டி, அதாவது நாம வெளிய போயிருந்தாலும் வேலைக்கு வந்ததா எழுதிக்குவாங்க. இங்கிலீஷ்ல எழுத்து வேற வேற, மொதலுக்கு T, ரெண்டாவதுக்கு D. எங்க வாயில ரெண்டும் ஒரே டிதான். இத்தனை வருஷத்துல இதனால ஒரு குழப்பமும் வந்ததில்ல. மத்தவங்க கேக்குறது எல்லாம் மொத ஓ.டி., நான் ஒருத்திதான் ரெண்டாவதைக் கேக்குறவ.

நான் மணிமேகலை. மத்தூர் பக்கம் வெவசாயக் குடும்பம். பத்தாயிரம் மீட்டர் ஓடுறவ, மொத்தம் இருபத்தஞ்சு சுத்து. வயசு முப்பத்தி நாலு. டெல்லியில ஒருதடவை முப்பத்தி மூணு நிமிஷத்துல முடிச்சு வெள்ளி வாங்கினேன். அதைப் பார்த்துட்டுத்தான் ஓசூர்ல இந்தக் கம்பெனி கூப்பிட்டு வேலை குடுத்துச்சு. காலையில பஞ்ச் பண்ணிட்டு கிரவுண்டுக்குப் போயிடலாம். பத்து வருஷம் அப்படித்தான் போச்சு. அப்புறம் புது மேனேஜ்மென்ட் வந்து, ஸ்போர்ட்ஸ் ஆளுங்களும் லைன்ல நிக்கணும்னுட்டாங்க. காருக்குப் போற ஒயரெல்லாம் சேர்த்துக் கட்டி டேப் சுத்துற லைன். காலையில கெலவரப்பள்ளி டேம் கரையில நாய்க்குப் பயந்துகிட்டே பதினாறு கிலோமீட்டர், அப்புறம் எட்டு மணி நேரம் நின்ன எடத்துல நிக்கணும். எந்தக் காலு தாங்கும், நீங்களே சொல்லுங்க.

மத்த ஸ்போர்ட்ஸ் ஆளுங்க எல்லாம் ஒவ்வொருத்தரா ஓட்டத்தை விட்டுட்டாங்க. நான் விடல. வீம்பு. போன வருஷம் முப்பத்தஞ்சு நிமிஷம் நாப்பது விநாடி ஆச்சு. இந்த வருஷம் ஹெச்.ஆர்.ல கூப்பிட்டு பளிச்சுன்னு சொல்லிட்டாங்க. தேசியப் போட்டிக்குப் போக முப்பத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள ஓடணும். ஞாயித்துக்கிழமை பெங்களூர்ல நடக்குற மீட்தான் கடைசி. அதுல ஓடலைன்னா, ஓடியும் வரலைன்னா, ஸ்போர்ட்ஸ் லிஸ்ட்ல இருந்து என் பேரை எடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் நானும் எல்லாரையும் மாதிரி ஏ, பி, சி ஷிப்ட்தான்.

அதனால வியாழக்கிழமையே ஷிப்ட் இன்சார்ஜ் சௌந்தரராஜன் சார்கிட்ட போய், "சார், ஞாயித்துக்கிழமை எனக்கு ஓ.டி. போட்டுடுங்க"ன்னு சொன்னேன். அவரு திருநெல்வேலிக்காரர், போன மாசம்தான் எங்க லைனுக்கு வந்தவர். முகமெல்லாம் பல்லா சிரிச்சு, "நீயாம்மா கேக்க? சந்தோஷம்மா!"ன்னாரு. என்னடா, ஒரு ரேஸுக்கு இந்த மனுஷன் இவ்வளவு சந்தோஷப்படுறாரேன்னு எனக்கே நெகிழ்ந்து போச்சு. மடச்சி!

சனிக்கிழமை ஷிப்ட் முடியுற நேரம் போர்டுல பேப்பர் ஒட்டினாங்க. ஞாயிறு ஓவர்டைம், காலை ஆறு மணி. நாலாவது பேரு என்னோடது.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. அந்தப் பேப்பரைப் பார்த்ததும் மொதல்ல எனக்குக் கோவம் வரல. "அப்பாடா"ன்னு இருந்துச்சு. ஒரே ஒரு நொடிதான். அப்புறம் வந்துச்சு பாருங்க கோவம். அந்த அப்பாடாவை நானே கேட்டுட்டேனே, அந்தக் கோவமும் சேர்ந்துகிச்சு. நேரா அவரு ரூமுக்குப் போயி, கதவைக்கூடத் தட்டாம, "என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? பதினெட்டு வருஷம் ஓடினவளுக்கு ஓவர்டைம் போடுறீங்களா?"ன்னு கத்தினேன்.

அவரு வெலவெலத்துப் போயிட்டாரு. "ஏ யம்மா, நீ ஓ.டி.ன்னுதான சொன்ன?"

"அந்த ஓ.டி. இல்ல சார்!"

"எந்த ஓ.டி.?"

நான் சொல்ல வாயைத் தொறந்து, மறுபடியும் ஓ.டி.ன்னேன். அவரு என்னைப் பார்த்தாரு, நான் அவரைப் பார்த்தேன். வேற நாளா இருந்தா ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சிருப்போம்.

நல்ல மனுஷன், பாவம். "ஒத்த எழுத்துதானம்மா, இப்பவே மாத்திருதேன்"ன்னு ஹெச்.ஆர். மேடத்துக்கு போன் போட்டாரு. அவங்க பெங்களூர்க்காரங்க, தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவாங்க. இவரு நடந்ததைச் சொன்னாரு. அந்தப் பக்கம் என்னமோ கேட்டாங்க. "நீயே சொல்லிரும்மா"ன்னு போனை என் கையில குடுத்துட்டாரு.

"மணிமேகலா, சிஸ்டத்துல நான் ஒரு தடவைதான் போட முடியும். D ஃபார் டெல்லியா, T ஃபார் டீயா? பேகா ஹேளம்மா, சீக்கிரம் சொல்லு."

டெல்லின்னதும் அந்த வெள்ளி ஞாபகம் வரணும்ல? வரல. அன்னைக்கு ஓடி முடிச்சும் எனக்குக் களைப்பே இல்லாம, இன்னும் அஞ்சு சுத்து ஓடலாம் போல இருந்துச்சு, அது ஞாபகம் வந்துச்சு. இப்ப படுக்கையை விட்டு எந்திரிக்கும்போதே களைப்பா இருக்கு. தங்கச்சி கல்யாணத்துக்கு தாலி கட்டினப்புறம் போய்ச் சேர்ந்தேன். வயிறு நெறைய கறிச்சோறு தின்னு எத்தனை வருஷம் ஆச்சு. குழந்தையை அடுத்த சீசனுக்கு, அடுத்த சீசனுக்குன்னு தள்ளித் தள்ளி, இப்ப டாக்டர் என் முகத்தைப் பார்க்காம பேசுறாங்க. நாளைக்கு முப்பத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்துட முடியுமா? முடியலாம். போன வாரம் கரையில ஓடிப் பார்த்த கணக்குக்கு முடியும். முடிஞ்சா? இன்னொரு வருஷம். எனக்கு அதுதான் பயம். தோத்துடுவேன்னு பயமே இல்ல.

"ஹலோ? டெல்லியா, டீயா?"

"டீ, மேடம்."

"ஆய்த்து"ன்னாங்க. கன்னடத்துல சரிங்கிறதுக்கும் அதான், முடிஞ்சுதுங்கிறதுக்கும் அதான்.

சௌந்தரராஜன் சார் எந்திரிச்சே நின்னுட்டாரு. "ஏளா, என்ன சொல்லுத நீ? நான் தப்பா எழுதினதுக்கு நீ ஏன்மா..." அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. தன்னாலதான்னு நெனைச்சுட்டாரு. "உங்க தப்பு இல்ல சார்"ன்னு ரெண்டு தடவை சொன்னேன். அவரு நம்பல.

வீட்டுல என் புருஷன் மாதேஷ் பெங்களூர் போக பைக்கை எல்லாம் தொடைச்சு வெச்சிருந்தாரு. விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாரு, இல்ல ஆறுதல் சொல்லுவாருன்னு பார்த்தேன். தொடைச்ச துணியை மடிச்சு சீட்டு மேல வெச்சாரு. "அப்ப மூணு மணி அலாரத்தை எடுத்துடட்டுமா?"ன்னு மட்டும் கேட்டாரு. எடுத்துடுங்கன்னேன். பன்னெண்டு வருஷமா அந்த மனுஷனும் மூணு மணிக்குத்தான் எந்திரிச்சுகிட்டு இருந்தாரு.

ஞாயித்துக்கிழமை கம்பெனி பஸ்ல போனேன். ஆறு மணிக்கு லைன் ஓட ஆரம்பிச்சுது. ஆறரைக்கு அங்க பெங்களூர்ல ரேஸை ஆரம்பிக்க துப்பாக்கி சுடுவாங்க. பார்க்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், ஆனா எதுத்தாப்புல சுவத்துல இம்மாம் பெரிய கடிகாரம், என்னாத்தைப் பண்றது? ஆறே முக்காலுக்கு பத்து சுத்து தாண்டியிருக்கும். அங்கதான் எனக்கு எப்பவும் வயித்தைப் பிடிக்கும். ஏழுக்கு வலி எல்லாம் மரத்துப் போயிருக்கும். ஒயரை எடுத்தேன், கட்டினேன், டேப்பைச் சுத்தினேன். மேசைக்கு அடியில என் குதிகால் ரெண்டும் தரையில பதியவே இல்ல.

ஏழு மணி அஞ்சு நிமிஷம். முப்பத்தஞ்சு ஆயிடுச்சு. எனக்கு மூச்சே வாங்கல. சாதாரணமா, எல்லாரையும் மாதிரி மூச்சு விட்டுகிட்டு நின்னுட்டு இருந்தேன். அப்பதான் அழுகை வந்துச்சு. எவ்வளவு அடக்கியும் நிக்கல.

பக்கத்து மேசை பார்வதி பதறிப்போய், "ஐயோ, என்னக்கா? என்னாச்சுக்கா?"ன்னு என் தோளைப் பிடிச்சா.

"ஒண்ணுமில்லடி, ஓடி முடிச்சிட்டேன்"னேன்.