ஸ்கேனில் தெரியாத தோள்வலி

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "ஒண்ணுமே இல்லம்மா, தோள் நல்லா இருக்கு" என்றதும் பார்லர்க்காரி அழுதுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்றே நினைத்தார். லிப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். கோளாறு இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

வெளியே வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமே இல்லாமத்தான் இத்தனை நாளா துடிக்கிறேனா? உங்க அக்கா காதுல விழுந்தா, எல்லாம் நடிப்புன்னு அப்பவே சொன்னேனேம்பாங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

"உங்க மூஞ்சி சொல்லிடும்."

சில மாதங்களுக்கு முன் பார்லரின் மேல்தட்டிலிருந்து ஷாம்புப் பெட்டியை எக்கி எடுத்தபோது வலது தோளில் பிடித்த சுளுக்கில் தொடங்கியது அது. சுளுக்கு போய்விட்டது, வலி போகவில்லை. கழுத்துக்கு ஏறி, முழங்கைக்கு இறங்கி, கடைசியில் சட்டையின் தையல் உரசினாலே சுரீர் என்றது. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் பார்லரைப் பூட்டினாள். கணவர் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். தலைவாரி விட்டார், வெந்நீர்க் கெட்டிலைத் தூக்கினார், அவள் போகுமுன்னே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

டாக்டர் கைகாட்டிய பிசியோதெரபிஸ்ட் சிரிப்பதில் கஞ்சத்தனம் பிடித்த பெண். தூக்கத்தைப் பற்றி நிறையக் கேட்டாள். தோளில் ஒரு விரலை லேசாக வைத்தாள். பார்லர்க்காரி துள்ளிவிட்டாள்.

"உங்க வலி நிஜம். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

இதைக் கேட்கவே வந்தவள்போலப் பார்லர்க்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆனா சதை எப்பவோ ஆறிடுச்சு. நரம்புதான் இன்னும் நம்பல. சும்மா தொட்டாலும் ஆபத்துன்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. கையை அசைக்காம பொத்திப் பொத்தி வைக்க வைக்க, அதுக்குப் பயம் ஜாஸ்தியாகுது. கொஞ்சம் கொஞ்சமா அசைச்சு, பயமில்லன்னு பழக்கணும். நல்லாத் தூங்கணும். தினம் நடக்கணும்." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க உதவி பண்றத நிறுத்தணும்."

அவர் முகம் தொங்கிப்போனது. வீட்டில் அவள் பாதி நிரம்பிய கெட்டிலைத் தூக்கியபோது, பின்னால் நின்ற அவருக்குக் கை தானாக நீண்டது. இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குது. கேட்டுக் கேட்டு ஞாபகப்படுத்தாதீங்க."

சில வாரங்களில் பாதிக் கெட்டில் முழுக் கெட்டிலானது. தலைவாரலும் அவள் கைக்கே வந்தது. ஒருநாள் காலையில் தோள் இருப்பதே தெரியவில்லை. அந்தக் குஷியில் பார்லரைத் திறந்து, கண்ணாடியிலிருந்து மின்விசிறி வரைக்கும் துடைத்துத் தள்ளினாள். மறுநாள் கை அசையவில்லை.

"எல்லாம் போச்சு" என்று பிசியோதெரபிஸ்டிடம் போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் தோளைத் திருப்பிப் பார்த்தாள். "புதுசா எதுவும் கிழியல. ஒரே நாள்ல ஒரு மாச வேலையைப் பார்த்திருக்கீங்க, நரம்பு மிரண்டுடுச்சு. அதுக்காகப் படுத்துடாதீங்க. வழக்கமா செய்யறதுல பாதி செய்யுங்க."

அவள் நம்பவில்லை, ஆனாலும் செய்தாள். அந்த வாரக் கடைசியில் கை பழையபடி தலைக்குமேல் போனது. அதற்குப் பிறகுதான் நம்பினாள்.

இப்போது காலை நேரத்தில் மட்டும் பார்லர் திறந்திருக்கிறது. வலி அடியோடு போய்விடவில்லை. வந்தால், கத்தரிக்கோலைக் கீழே வைத்து, தோளை உருட்டி, மூச்சை நிதானமாக விட்டு, மறுபடி எடுக்கிறாள். பாதி முடி வெட்டிய தலையோடு காத்திருப்பவர்கள் பழகிவிட்டார்கள்.

போன வாரம் கணவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சோபாவில் சாய்ந்து முனகினார்.

"கொஞ்சம் தண்ணி கொண்டு வாயேன்."

"கொண்டு வரேன்," என்றாள் அவள். "இன்னிக்கு மட்டும்."