மிதந்தவை

உறிஞ்சும் பம்ப் பழுதாகியிராவிட்டால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தட்டின் அடியில் ஒட்டி வளரும் புற்றுநோய்ச் செல்களுக்கு மருந்து கொடுப்போம். மறுநாள் மேலே நிற்கும் திரவத்தைப் பம்பால் உறிஞ்சிக் கழிவுப் புட்டிக்கு அனுப்பிவிட்டு, தட்டை உப்புநீரில் அலசுவோம். பிறகுதான் சாயம், மைக்ரோஸ்கோப், எண்ணிக்கை. இயக்குநர் மாணவராக இருந்த காலத்திலிருந்தே இப்படித்தான். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நானும்தான்.

செல்லுக்கு ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா. செல் சாக வேண்டிய நேரம் வந்தால் கதவைத் திறப்பதும் அதுவே. தனக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒரு புரதத்தை வெளியே கசியவிடும். அது கசிந்ததும் செல் ஆர்ப்பாட்டமில்லாமல் தன்னையே கலைத்துக்கொள்ளும். புற்றுநோய்ச் செல் அந்தக் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு சாக மறுக்கிறது. பூட்டை உடைப்பதற்காக நான் உருவாக்கியதுதான் இந்த மருந்து. ஆனால் தட்டில் பார்த்தபோதெல்லாம் செல்கள் நலமாகவே இருந்தன. மைட்டோகாண்ட்ரியா சிவப்பு நூல்களாக ஒளிர்ந்து என்னைக் கேலி செய்தன. அந்த வார வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் திட்டத்தை மூடுவதாக முடிவாகியிருந்தது.

புதன்கிழமை பம்ப் மண்டையைப் போட்டது. திரவத்தைப் பிப்பெட்டால் எடுத்துக் குழாய்களில் விட்டு, தாங்கியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். தாமதமாகத்தான் திரும்பினேன். சில குழாய்களின் அடியில் மாவு போல வெள்ளையாகப் படிந்திருந்தது.

பக்கத்து மேஜைக்காரனை அழைத்தேன். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் என்பதால் அவனுக்குக் குட்டி என்று பெயர்.

"குட்டி, இது என்னன்னு பாரு."

"அழுக்குதான்க்கா. நீங்க கழுவுற லட்சணம் அப்படி."

"அப்ப மருந்து போடாத தட்டுல மட்டும் ஏன் அழுக்கு இல்ல?"

அவன் மருந்து போட்டதில் ஒன்று, போடாததில் ஒன்று என இரண்டு குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

சாகும் செல் சுருங்கும். தட்டைப் பற்றியிருந்த பிடியை விட்டுவிட்டு மிதக்கும்; குழாயில் அசையாமல் நின்றால் மெல்ல அடியில் படியும். பாடத்தில் படித்ததுதான். நாங்கள் செத்தவர்களையெல்லாம் கழிவில் ஊற்றிவிட்டு, மிச்சமிருப்பவர்களை எண்ணி, யாரும் சாகவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அந்தப் படிவில் கொஞ்சம் எடுத்துச் சாயமேற்றினேன். நூல்களுக்குள் அடைந்து கிடக்க வேண்டிய புரதம் செல் முழுக்கப் புகையாகப் பரவியிருந்தது. கதவு திறந்திருந்தது.

படங்களை இயக்குநர் முன் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு அவற்றை என் பக்கமே தள்ளினார். நானே திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று காத்திருந்தார். நான் கையை நீட்டவில்லை.

"மிதக்குறதெல்லாம் குப்பைம்மா. எல்லாத் தட்டுலயும் இருக்கும்."

"மருந்து போடாததுல அனேகமா இல்ல சார். அந்தப் படமும் இருக்கு."

"அப்ப நாம இதுவரைக்கும் வேலைக்காகாதுன்னு தூக்கிப் போட்ட மருந்தெல்லாம்?"

"திரும்பப் பாக்கணும் சார்."

"என் பேர்ல வந்த கட்டுரைங்க?"

பதில் அவருக்கே தெரியும். படங்களைக் கவிழ்த்து வைத்தார்.

"இதோட விடு. உனக்கு வேற நல்ல திட்டம் தரேன். மருந்து வேலை செய்யலன்னு நாளைக்குக் கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லிடு."

"சொல்ல மாட்டேன் சார்."

"பிடிவாதம் பிடிச்சா இங்க இருக்க முடியாதும்மா."

"போகச் சொன்னா போறேன். செத்ததை உயிரோட இருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

படங்களை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குட்டி பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ரெடி பண்ணியாச்சுக்கா. சார் நேத்தே ஆள் வரவழைச்சுட்டார்."

நான் அதன் ரப்பர் குழாயை உருவி, சுருட்டி, கோட்டுப் பையில் திணித்தேன்.

"அக்கா, என் தட்டை நான் எப்படி அலசுறது?"

"பிப்பெட்ல எடு. எடுத்ததைக் கொட்டாத."

"சார் கேட்டா?"

"என் பையில இருக்குன்னு சொல்லு."

அவன் என் பையைப் பார்த்தான். பிறகு தனக்கென்று ஒரு காலிக் குழாயை எடுத்து, அதில் தேதி எழுதினான்.

கூட்ட அறையில் இயக்குநர் பேசத் தொடங்கியிருந்தார். என் குழாய்த் தாங்கியை மேஜையின் நடுவில், அவருடைய காகிதங்களின் மேலேயே வைத்தேன். ஒரு வரிசை தெளிந்திருந்தது. இன்னொன்றின் அடியில் வெண்மை.

அவர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.