பாலாநகரில் எல்லோரும் முதலாளி

பாலாநகரில் மின்விசிறிக் கம்பெனியை மூடியதும் மணிவண்ணன் இட்லிக் கடை போட்டான். இட்லி மனைவி அன்னக்கிளியின் கைவண்ணம். தள்ளுவண்டியை அவனோடு வேலையிழந்த வெல்டர் அப்துல் ரஹீம் பழைய இரும்பில் செய்து கொடுத்தான். இடம் தேடி மணிவண்ணன் அலையவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் கால்கள் கம்பெனி வாசலுக்கே போயின.

முதலில் வியாபாரம் பிரமாதம். வேலை போனவர்கள் போக்கிடமில்லாமல் காலையில் அங்கேயே வந்து நின்றார்கள், சாப்பிட்டார்கள், யோசித்தார்கள். அடுத்த வாரம் ஃபோர்மேன் நடேசன் எதிரே தோசைக் கடை போட்டார். கூட வேலை பார்த்த தண்டபாணி பொங்கல், லூர்துமேரி ஆப்பம். வண்டி செய்து மாளவில்லை ரஹீமுக்கு. தெரு முழுக்க முதலாளிகள், சாப்பிடத்தான் ஆளில்லை. மரியாதைக்காக ஒருவர் கடையில் மற்றவர் சாப்பிட்டார்கள்.

"சட்னி தண்ணியா இருக்கே மணி, செக் பண்ண மாட்டியா?" என்பார் நடேசன்.

"சார், கம்பெனி மூடியாச்சு சார்!"

மணிவண்ணனின் லாலாகுடா வீட்டில் தினமும் ராத்திரி இட்லி உப்புமா. ஒருநாள் அன்னக்கிளி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சம்பளம் வாங்குற ஆளே இல்லாத தெருவுல யாருக்குங்க விக்கிறீங்க?"

மணிவண்ணன் இதை ரஹீமிடம் சொன்னான். ரஹீம் உடனே வழி சொன்னான். "மேட்சல் பக்கம் போ பாய். அங்கே புதுக் கம்பெனிங்க. எல்லாருக்கும் வேலை இருக்கு, கடை போட ஒருத்தனும் இல்லே. யோசனை நக்கோ, யோசிக்கவே வேணாம்!"

மறுநாள் அன்னக்கிளியும் கூடப் போனாள். சங்கு ஊதி இடைவேளை விட்டதுதான் தாமதம், கூட்டம் வண்டியை மொய்த்தது. பாத்திரம் காலியானபோது மணிவண்ணனுக்குத் தன் கண்களையே நம்ப முடியவில்லை. கடைசியாகக் கை கழுவியவர் மேனேஜர்.

"முன்னே எங்கே வேலை?"

"பாலாநகர்ல சார். ஃபேன் அசெம்பிளி."

"நாளைக்கே வர முடியுமா? ஆள் கிடைக்காம அவஸ்தைப்படறோம்."

மணிவண்ணன் சந்தோஷமாகத் தலையாட்டினான். உடனே வண்டியைப் பார்த்தான், முகம் வாடிவிட்டது. "கடையை மூடிடலாமா கிளி?"

"எதுக்கு மூடணும்? நீங்க வேலைக்குப் போங்க. இது என் கடை."

அடுத்த வாரம் இடைவேளையில், புதுச் சீருடையில் அவன் நேராக வண்டியின் பின்பக்கம் போய்த் தட்டை நீட்டினான். பெண்டாட்டி கடையென்று உரிமை.

அன்னக்கிளி நிமிரவே இல்லை. "வரிசையில வாங்க சார்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மணிவண்ணன் வரிசையின் வாலில் போய் நின்றான். அவன் முறை வருவதற்குள் இட்லி தீர்ந்து போயிருந்தது.