குழாய் இல்லாத அடுப்பு

டோர்கில்ஸ் கடையில் மூன்று அடுப்புகள் இருந்தன. மூன்றையும் ஒரு நீளப் பலகையின் மேல் வரிசையாக வைத்திருந்தான். நவம்பர் மாதம், காலை பதினொரு மணி. வெளியே வெளிச்சம் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. என் கணவன் எய்லர்ட் முதல் அடுப்பின் முன் குனிந்து, அதன் வட்டத் தட்டை எடுத்து, உள்ளே கைவிட்டுப் பார்த்தான். தட்டைத் திரும்ப வைத்தான். பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தான்.

"உள்ள யாரும் ஒளிஞ்சிருக்கலப்பா," என்றான் டோர்கில்ஸ். "காலைலயே நான் பாத்துட்டேன்."

எய்லர்ட் சிரித்தான். ஆனால் மூன்றாம் முறையும் பார்த்தான். பிப்ரவரிக்குப் பிறகு எதையும் மூன்று முறை பார்ப்பது அவன் வழக்கமாகிவிட்டது. கதவுப் பூட்டு, காரின் விளக்கு, மாத்திரை டப்பா. நானும் மூன்று முறை முடியும்வரை பக்கத்தில் நிற்கப் பழகிவிட்டேன்.

எங்கள் படகு முப்பத்துமூன்று அடி. அதன் அறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். அதில் சமையலுக்கு ஓர் அடுப்பு, குளிருக்கு ஓர் அடுப்பு என்று வைக்க இடம் கிடையாது. ஒன்றே இரண்டு வேலையையும் செய்ய வேண்டும். டோர்கில்ஸ் காட்டிய முதல் அடுப்பு, எங்களிடம் இருந்த பழையதைப் போலவே கனத்த இரும்பு. டீசல் சொட்டுச் சொட்டாக இறங்கி அடியில் எரியும். மேலே கெட்டில் சரியாமல் இருக்கச் சுற்றிலும் கம்பி. புகை ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. இரண்டாவது அதுவே, கொஞ்சம் சின்னது. மூன்றாவதுக்கு மேலே வழவழப்பான கண்ணாடித் தட்டு, அதற்கு ஒரு மூடி. திறந்தால் சமைக்கலாம். மூடினால் மூடிக்குள் இருக்கும் விசிறி சுழன்று அறைக்குள் வெப்பக்காற்றை ஊதும். எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்தே இழுத்துக்கொள்ளும். புகை படகின் விலாவில் போட்ட சின்ன ஓட்டை வழியாகப் போய்விடும். கூரைக்கு மேலே எதுவும் இருக்காது.

"தெறந்தா சமையல், மூடினா சூடு," என்றான் டோர்கில்ஸ். "ரெண்டும் ஒரே நேரத்துல கெடைக்காது. என் ரெண்டாவது சம்சாரம் மாதிரி."

"அப்ப காபிக் கெட்டிலை எங்க வைக்கிறது? மடியிலயா?" என்றான் எய்லர்ட்.

"காபி வேணும்னா மூடியத் தெற. குடிச்சதும் மூடு."

"வர்றவன் போறவனுக்கெல்லாம் தெறந்து மூடிக்கிட்டிருந்தா மீன யாருடா பிடிப்பா?" என்று எய்லர்ட் முதல் அடுப்புக்கே திரும்பி வந்தான். எங்கள் ஊர்ப் பக்கம் படகுக்குள் யார் தலையை நீட்டினாலும் கெட்டில் சூடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் படகில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

"எனக்கு இது பிடிச்சிருக்கு," என்றேன். மூன்றாவதைக் காட்டினேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்குள் வந்ததிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இது பேட்டரியத் தின்னும் குன்வோர்," என்றான் எய்லர்ட். "அதோட அஸ்கிலுக்குக் குழாய் அடுப்புதான் வேணுமாம்."

"அஸ்கிலுக்கா?"

"அவன்தான வாங்கப் போறான். அடுப்பு மாட்டிக் குடுத்தா வாங்கிக்கிறேன்னான். விக்கிற படகுக்குக் கண்ணாடி அடுப்பு எதுக்கு?"

அவன் அஸ்கிலிடம் பேசியது எனக்குத் தெரியாது. குளிர்கால மீன்பிடிக்குப் படகைத் தயார்செய்யத்தான் அடுப்பு வாங்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்பதுகூட அதிகம். அவன் காரை எடுத்தான், நான் ஏறி உட்கார்ந்தேன்.

"வித்துட்டு என்ன பண்ணுவ?" என்றான் டோர்கில்ஸ். அவன் குரலில் கிண்டல் போய்விட்டது.

"மீன் ஆலையில பெட்டி அடுக்குவேன். அங்க எதை மறந்தாலும் யாரும் சாக மாட்டாங்க. புகைக்குழாய் டப்பாவ மறந்தவன் நாளைக்குக் கடல்ல இவளையே மறந்துட்டு வந்துருவேன்." பிறகு வழக்கமான தன் கதையை ஆரம்பித்தான். "தெரியுமா, உலகத்துலயே தன் மூக்கைத் தானே அடைச்சுக்கிட்டுப் படுத்த ஒரே மனுஷன் நான்தான்…"

அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். துறையில் கட்டிக் கிடக்கும் படகுகளின் புகைக்குழாயில் பனி விழுந்து நிறையாமலிருக்க, ஒரு காலி காபி டப்பாவைக் கவிழ்த்து வைப்போம். மூடியவர் தன் கையுறை ஒன்றை அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருபவர் தீ மூட்டக் கையுறையை நகர்த்தியாக வேண்டும். நகர்த்தும்போது டப்பா ஞாபகத்துக்கு வரும். யார் ஆரம்பித்தார்களோ, எங்கள் துறையில் எல்லாப் படகிலும் இதுதான் முறை. பிப்ரவரி பத்தாம் தேதி விடியுமுன் எய்லர்ட் படகுக்குப் போனான். அடுப்பின் மேல் கையுறை இல்லை. சின்னத் தீயாக மூட்டிவிட்டு, காற்று தணியட்டும் என்று படுத்தான். மேலே டப்பா கவிழ்ந்தே இருந்தது, புகை வெளியே போக வழியில்லை. மற்றப் படகுகள் கிளம்பிய பிறகும் எங்களுடையது நிற்பதைப் பார்த்துப் பக்கத்துப் படகுக்காரன் கதவை உடைத்தான். ஹெலிகாப்டரில் டிரம்சோ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள். பிழைத்துவிட்டான். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் அவன் தலையிலிருந்து அழிந்துபோயிருந்தன.

ஒன்பதாம் தேதி சாயங்காலம் படகுக்குப் போனது நான். நனைந்த கம்பளிக் கையுறைகளை வீட்டில் காய வைப்பதற்காகப் பொறுக்கப் போயிருந்தேன். பனி வரும்போல இருந்தது. டப்பாவைக் கவிழ்த்தேன். அடுப்பின் மேல் வைக்க ஒரு கையுறை வேண்டும் என்று நினைத்தபோது எல்லாம் என் பைக்குள் ஈரமாக, அடியில் கிடந்தன. வீட்டில் வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் என் அக்கா பேரித் போன் செய்தாள். ஒரு மணி நேரம் பேசினோம். என்ன பேசினோம் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்விழித்த அன்றே எய்லர்ட் கேட்டான், "நானா மூடினேன்?" அதற்குப் பதில் சொல்ல ஒரு கணம் இருந்தது. அது போய்விட்டது. போன பிறகு, தான்தான் மூடினோம் என்று அவனே பதிலை எடுத்துக்கொண்டான்.

குற்ற உணர்வு என்று ஒன்று வரும், வந்து என்னை உலுக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தது ஒரு விறைப்புத்தான். குளிரில் நாள் முழுக்கத் தூண்டில் கயிறு இழுத்த பிறகு விரல்கள் இப்படி ஆகும். பார்த்தால் விரல்தான், அசைத்தால் அசையும், ஆனால் யாருடையதோ போல இருக்கும். நான் சமைத்தேன், துவைத்தேன், அவனை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவனிடம் அன்பாகவும் இருந்தேன். அதைச் செய்தது யார் என்றுதான் தெரியவில்லை.

டோர்கில்ஸ் கடையில் கதை முடிந்து இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

"சரி, குழாய் எத்தனை நீளம்?" என்றான் டோர்கில்ஸ். "அடுப்பு நிக்கிற எடத்துலேருந்து கூரை வரைக்கும் சொல்லு."

எய்லர்ட் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். பார்த்தான். "நூத்தி முப்பத்தெட்டு சென்டி. இல்ல… எதுக்கும் இன்னொரு தடவ அளந்துட்டு வந்துடறேன்."

"நீ அளந்துதான எழுதியிருக்க?"

"நான் எழுதினதுதான் பிரச்சினையே," என்று அவன் கோட்டை மாட்டிக்கொண்டான்.

துறைக்கு நடந்தே போனோம். கடல்மேல் ஒரு நீலச் சாம்பல் நிறம். ஏணியில் இறங்கும்போது அவன் ஒவ்வொரு படியையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிதித்தான். பதினெட்டு வருஷம் அவன் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிய ஏணி அது.

அறைக்குள் பழைய அடுப்பு இருந்த இடம் காலியாகக் கிடந்தது. நான்கு திருகுத் துளைகள், சுவரில் சூடு பட்டுப் பழுத்த ஒரு கறை. கூரையின் ஓட்டையை மரத்துண்டால் அடைத்திருந்தோம். அவன் அளவுநாடாவைப் பிடித்தான்.

"நூத்தி முப்பத்தெட்டு. நீயும் படி."

"நூத்தி முப்பத்தெட்டு."

"இன்னொரு தடவ."

"நூத்தி முப்பத்தெட்டு, எய்லர்ட்."

அவன் காகிதத்தில் எழுதினான். ஏற்கெனவே அங்கே அதே எண் இரண்டு முறை எழுதியிருந்தது. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க அதைக் கண்ணருகே கொண்டுபோனான். எனக்கு எதுவும் தோன்றவில்லை. இரக்கம்கூட இல்லை. இந்த அடுப்பு வந்துவிட்டால் படகு போய்விடும், பிறகு இவன் சாகும்வரை எல்லாவற்றையும் மூன்று முறை பார்த்துக்கொண்டே இருப்பான் என்று மட்டும் தெரிந்தது. வானிலை அறிக்கை கேட்பதுபோல அதைத் தெரிந்துகொண்டேன்.

"டப்பாவ மூடினது நான்," என்றேன்.

அவன் பென்சில் நிற்கவில்லை. "எந்த டப்பா?"

"பிப்ரவரியில. சாயங்காலம் கையுறை எடுக்க வந்தப்ப. பனி வர்ற மாதிரி இருந்துச்சு."

"கையுறை வெக்கல."

"எல்லாத்தையும் பைக்குள்ள போட்டுட்டேன். வீட்டுக்கு வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன். பேரித் போன் பண்ணா."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். நானும் எதிரே உட்கார்ந்தேன். முட்டி இடித்தது. அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில உன்னக் கேட்டேன்."

"கேட்ட."

"நானா மூடினேன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?"

"தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

வெளியே யாரோ ஒரு படகின் இஞ்சினைக் கிளப்பினார்கள். அது இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"ஒம்போது மாசம்," என்றான் எய்லர்ட். "சனிக்கிழமை சனிக்கிழமை காபிக் கடையில அந்தக் கதையச் சொல்லி நானே என்னக் கேலி பண்ணிக்கிட்டேன். நீ பக்கத்துல உக்காந்து வாஃபிள் தின்ன."

"ஆமா."

"சிரிச்சயா?"

"சிரிச்சேன்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எனக்கு எதுவும் மறந்து போகல."

"அந்த ரெண்டு நாள்தான் போச்சு. மத்தபடி ஒண்ணும் மறந்து போகல."

"டப்பாவ நான் மறக்கல."

"இல்ல. நீ எதையும் மறக்கிறவன் இல்ல. என் பொறந்த நாளத் தவிர."

அவன் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்தான். "அஸ்கில்? படகு விக்கல. இல்லடா, வேற யாருக்கும் குடுக்கல. இல்ல, உன் மேல ஒண்ணும் இல்ல… தலையா? தலை நல்லாத்தான் இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கு." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னான். போனை வைத்தான்.

"டோர்கில்ஸ்கிட்ட போய் அந்தக் கண்ணாடி அடுப்பையே எடுத்துவெக்கச் சொல்லு."

அது எனக்காக என்று ஒரு கணம் எடுத்துக்கொண்டேன். என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"உனக்குப் பிடிச்சதுங்கறதுக்காக இல்ல. குழாய்னு ஒண்ணு இருந்தா யாராச்சும் மூடுவாங்க. இனிமே என் படகுல மூடறதுக்கு எதுவும் இருக்கக் கூடாது."

"சரி."

"இந்த வருஷம் நான் தனியாத்தான் போவேன்."

"சரி."

நான் ஏதாவது சொல்வேன் என்று அவன் காத்திருந்ததுபோல இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால், அவன் பதிலுக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அவனிடமிருந்து இன்னும் ஒன்றை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. எழுந்து ஏணியில் ஏறினேன். அவன் கீழேயே இருந்தான்.

கடையில் டோர்கில்ஸ் இரும்பு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நூத்தி முப்பத்தெட்டுதான?" என்றான். "நான் பந்தயம் கட்டியிருப்பேன்."

"குழாய் வேண்டாம். அந்தக் கண்ணாடி அடுப்பையே எடுத்துக்கறோம்."

"அஸ்கில் மனசு மாறிட்டானா?"

"படகு விக்கல."

டோர்கில்ஸ் துணியைக் கீழே வைத்தான். என்னை உற்றுப் பார்த்தான். கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றும் இருந்தேன். எங்கள் தீவில் ஒருவனிடம் சொன்னால் சனிக்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் அவன் கேட்கவில்லை. பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து பக்கங்களைப் புரட்டினான்.

"புகை எந்தப் பக்கமா வெளிய வரணும்? இடமா, வலமா? அதுக்கேத்த மாதிரி வளைகுழாய் சொல்லணும்."

பதில் எனக்குத் தெரியும். எய்லர்ட் கயிறு இழுப்பது வலதுபக்கம் நின்று. மீனைக் கிழித்துச் சுத்தம் செய்துகொண்டு இடதுபக்கம் நிற்பது நான். பழைய அடுப்பாக இருந்தால் புகை யார் முகத்திலும் அடிக்காமல் மேலே போகும், இந்தப் பேச்சே வராது. இப்போது இடதுபக்கம் யாரும் நிற்கப் போவதில்லை. இடது என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

"உனக்குத் தெரியாததா? பதினெட்டு வருஷமா அதுலதான கெடந்த?"

"அவன் படகு. அவன்தான் சொல்லணும்."

"அப்ப இங்கேருந்தே ஒரு போன் போடு. எதுக்கு இந்த வழுக்கல்ல நடக்கற?"

"இல்ல டோர்கில்ஸ். நேர்லயே போய்க் கேக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். துறை அங்கிருந்து தெரிந்தது. எங்கள் படகின் ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் இன்னும் மேலே ஏறி வந்திருக்கவில்லை.