சிவப்பு ஸ்டிக்கர்

பரிசோதகருக்குப் பதினைந்து வருடமாக ஒரே வேலை. தொழிற்சாலையில் வரிசையாக வந்து நிற்கும் தண்ணீர்க் குழாய்களைத் திறந்து மூடி, ஒழுகாததற்குப் பச்சை ஸ்டிக்கரும் ஒழுகுவதற்குச் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. பார்த்துப் பார்த்து, உலகத்தில் இந்த இரண்டு வகைக்கு வெளியே எதுவுமில்லை என்ற ஞானம் அவருக்குச் சித்தித்திருந்தது.

கோடை விடுமுறைக்கு மழலையர் பள்ளி மூடிய அன்று டீச்சர் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "உங்க பொண்ணு இருபது வரைக்கும் நல்லா எண்ணுறா. லீவுல மறந்துடாம இருக்கணும்னா நல்லா விளையாட விடுங்க, போதும்."

அந்தப் 'போதும்' பரிசோதகர் காதில் ஏறவில்லை. 'மறந்துடாம' மட்டும் ஏறியது. மறந்தால் மூன்று வயதுப் பொடிசுகளோடு இன்னொரு வருடம் உட்கார வைத்துவிடுவார்கள். எதிர்வீட்டுக் குழந்தைக்கு அதுதான் நடந்தது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. இவரே இரண்டு வாரம் லீவு போட்டார்; கையோடு விளையாட்டுக்கு ஓர் அட்டவணையும் போட்டார். ஒன்பது முதல் ஒன்பது இருபது வரை தண்ணீர் விளையாட்டு, நோக்கம்: அளவறிதல். அடுத்து கட்டை அடுக்குதல், நோக்கம்: எண்ணிக்கை. ஒன்பது நாற்பதுக்கு சுதந்திர விளையாட்டு, தகப்பனார் மேற்பார்வையில்.

"மூச்சு விடுறதுக்கு எத்தனை மணிக்குப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நான்கு வயது வாண்டு முதல் நாள் பத்துக் கட்டைகளை எண்ணி அடுக்கினாள். பச்சை. கோப்பையால் மொண்டு வாளியை நிரப்பினாள். அதற்கும் பச்சை. மூன்றாம் நாள் எண்ணும்போது ஒரு கட்டை விட்டுப்போயிற்று. பெற்ற மகளானாலும் கடமை கடமைதான். சட்டைப்பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர்ச் சுருள் வெளியே வந்தது.

வாண்டு கண்ணை அகல விரித்தாள். "அப்பா, இது எனக்கா?"

"ம். தப்பா எண்ணினா இதுதான் கிடைக்கும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் மனிதர். மறுநாளிலிருந்து, "ஒண்ணு, ரெண்டு, ஏழு, பதினாறு!" வாளியை நிரப்பச் சொன்னால் அப்பாவின் ஷூவை நிரப்பினாள். முக்கோணக் கட்டையைக் காட்டிக் கேட்டால் "பூனை" என்றாள். ஒரே வாரத்தில் சிவப்புச் சுருள் பாதியாக இளைத்தது. பச்சை கொழுத்தபடியே இருந்தது.

சாயங்காலம் மனைவி வந்தபோது பரிசோதகர் கப்பல் கவிழ்ந்தவர் போலக் கன்னத்தில் கை வைத்திருந்தார்.

"போச்சு. இருபது வரைக்கும் எண்ணினவ ரெண்டோட நிக்கிறா. பொடிசுங்களோடதான் உக்காரப் போறா."

"எங்க அவ?"

படுக்கையறையில் அலமாரிக் கதவு திறந்திருந்தது. கதவின் உட்புறம், வரிசைக்கு ஐந்தாக, அத்தனையும் சிவப்பு. வாண்டு ஒவ்வொன்றின் மீதும் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். "முப்பத்திரெண்டு, முப்பத்திமூணு, முப்பத்திநாலு."

பரிசோதகர் தாமும் எண்ணினார். தொழில் பழக்கத்தில் மறுபடியும் எண்ணினார். முப்பத்திநாலேதான்.

"அப்பாகிட்ட ஏன் கண்ணு தப்புத் தப்பா சொன்னே?" என்றாள் அம்மா.

"பச்சை நல்லாவே இல்லம்மா. வாந்தி மாதிரி இருக்கு."

பரிசோதகர் தொண்டையைச் செருமினார். "பாத்தியா, எல்லாம் நான் போட்ட அட்டவணை."

"ஆமாமா. பாடுபட்டுத் தப்புப் பண்ணக் கத்துக் கொடுத்திருக்கீங்க."

அவர் அதைக் காதில் வாங்காமல், முப்பத்திநாலுக்காக ஒரு பச்சையைக் கிழித்தார். வாண்டின் உதடு பிதுங்கியது. "வேணாம்! அப்பா, நான் இப்ப ஒரு தப்புச் சொல்றேன். கேக்குறீங்களா?"

பதினைந்து வருடத்தில் எந்தக் குழாயும் அவரிடம் இப்படி அனுமதி கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்தார். "சொல்லு."

வாண்டு அவர் தலையைச் சுற்றி வந்து பார்த்தாள். "அப்பா தலையில ஏழு முடி இருக்கு!"

"இது சரியான விடையாச்சே," என்றாள் மனைவி.

பரிசோதகர் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, சிவப்புச் சுருளை மகளிடம் அப்படியே கொடுத்தார்.