அராவி எடுத்த தோல்

…அரத்தைக் கையில் எடுத்திருக்கவே கூடாது, பள்ளிவாசலில் கதீபு ஜும்ஆ குத்பாவில் பொறுமையைப் பற்றி ஏதோ பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறார், எனக்குக் காதில் விழுவதெல்லாம் நேற்று நான் அராவிய சத்தம்தான்… முன் வரிசையில் மீராசாஹிபு ஹாஜியார், நிம்மதியான முதுகு. அவருடைய உழவு மெஷினில் பின்பெட்டியை இழுக்கும் இரும்புக் கொக்கி முறிந்து என் பட்டறைக்கு வந்தது, ஒட்டினேன், ஒட்டின இடம் ஆறும்போது சுருங்கித் தன்னைத்தானே இழுக்கும், அதனால் உருண்டைத்தலைச் சுத்தியலால் மேலெல்லாம் குத்திக் குத்தி அடித்தேன், அடிபட்ட தோல் நெருங்கி இறுகிவிடும், வெடிப்பு தோலில்தான் வாய் திறக்கும், இறுகின தோல் அதைத் திறக்க விடாது… இவ்வளவும் தெரிந்தவன்தானே நான்? ஹாஜியார் வந்து பார்த்தார். “என்ன கலந்தர், அம்மத் தழும்பு மாதிரிக் கெடக்கு? மகள்ற மாப்பிளைக்குக் குடுக்கிற மெஷின்டா, மினுக்கித் தா.” “ஓம் ஹாஜியார்” என்றேன். ஓமாம், என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? தழும்போடு இறுகின தோலையும் அராவிக் கொட்டினேன், அவர் தடவிப் பார்த்துச் சிரித்தார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த மெஷின்தான் இப்போது பள்ளிவாசலைக் கடந்து தெற்கே போனது, அதை ஓட்டும் சாமித்தம்பிக்கு ஜும்ஆத் தொழுகை இல்லை, காலையிலேயே சொன்னான், “மழ இருட்டுது காக்கா, பொம்புளையள ஏத்திக்கிட்டு சாகாமத்து வயலுக்குப் போய் வெட்டின கதிரச் சேக்கணும்.” அப்போதாவது சொன்னேனா? ஒரு பாரத்துக்கு அது முறியாது என்று என்னையே ஏமாற்றினேன், முறியாதுதான், வாய்க்கால் கட்டு வழியில் குலுங்கிக் குலுங்கி, இழு, விடு, இழு, விடு… அதுதான் இரும்பைத் தின்னும், இன்றைக்கா, அடுத்த போகத்துக்கா, யாருக்குத் தெரியும்? கொக்கி விட்டால் பெட்டி பெண்களோடு வாய்க்காலுக்குள்.

குத்பா நேரம் வாய் திறக்கக் கூடாது, தொழுததும் சொல்லலாம், சைக்கிளில் விரட்டிப் பிடிக்கலாம்… யா அல்லாஹ், இந்த மனுஷன் இன்றைக்கென்று நீட்டுகிறாரே. ஆனால் சின்ன வயதில் ஓதப்பள்ளியில் படித்தது என்ன? குருடன் கிணற்றுப் பக்கம் போவதைக் கண்டால் குத்பாவிலும் கத்தலாம், கத்தத்தான் வேண்டும். இது இப்போதா ஞாபகம் வருகிறது? இல்லை, மெஷின் சத்தம் கேட்டபோதே வந்துவிட்டது. என் வாயைக் கட்டியது மார்க்கம் இல்லை. ஹாஜியார் திரும்பி, பள்ளி முழுக்கப் பார்த்திருக்க, “தெரிஞ்சுமாடா அராவின?” என்று கேட்பாரே, அதுதான். கதீபு சற்று உட்கார்ந்து, இரண்டாம் குத்பாவுக்கு எழும்பிவிட்டார், நான் இன்னும் எழும்பவில்லை.